63 மீட்டர் தண்டவாளம்: தோட்டத்துக்குள் ஒரு குட்டி ரயில்

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசித் தண்டவாளப் பேனலும் தரையில் இறங்கிவிட்டது. கொட்டகையிலிருந்து தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும் உரக்குழி வரை 21 பேனல், மொத்தம் 63 மீட்டர். ஏழு மாத வேலை. அளவுகள் எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன். இதே ஆசை உள்ள யாருக்காவது உதவும்.

உரக்குழி பள்ளத்தில் இருக்கிறது, கொட்டகை மேட்டில். மக்கிய உரத்தைத் தள்ளுவண்டியில் போட்டு மேலே கொண்டுவர வேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், அந்த ஒற்றைச் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிடும். 1875-ஐ ஒட்டி பிரான்ஸில் பால் டெக்கோவில் என்பவருக்கும் இதே பாடுதான். வயலில் விளைந்த சர்க்கரைக்கிழங்கு ஈர மண்ணில் மாட்டிக்கொண்டது, வண்டி போக வழியில்லை. அவர் இரும்புத் தண்டவாளத்தையும் கட்டைகளையும் ஒன்றாகப் பிணைத்து, ஆட்கள் தூக்கிப் போடும்படியான துண்டுகளாகச் செய்து வயலில் விரித்தார். ஏணி மாதிரி ஒரு துண்டு, அதன் வாலில் அடுத்த துண்டு. என் பேனல்களும் அதே யோசனைதான்.

இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம் என்று முடிவு செய்யவே ஒரு மாதம் ஆனது. மேலே உட்கார்ந்து ஓட்டும் பொழுதுபோக்கு ரயில்களுக்கு ஏழேகால் அங்குலம், அதாவது 184 மி.மீ., பரவலான அளவு. ஆனால் அதில் உரம் ஏற்றினால் பாரம் உயர்ந்து வண்டி சாயப் பார்க்கும். இங்கிலாந்தில் ஆர்தர் ஹேவுட் 1874-இல் தன் வீட்டு நிலத்தில் 15 அங்குலப் பாதை போட்டார். நிலையாக நிற்க அது போதும் என்பது அவர் கணக்கு. எனக்கு அது பெரிது. கடைசியில் இரண்டுக்கும் நடுவே பத்தேகால் அங்குலத்தை, 260 மி.மீ.யைப் பிடித்துக்கொண்டேன்.

தண்டவாளத்துக்கு 40×10 மி.மீ. இரும்புப் பட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். கீழே குறுக்குக் கட்டைகளாக, 40 செ.மீ.க்கு ஒன்றாக, எல் ஆங்கிள் (L வடிவ இரும்பு) துண்டுகளை வைத்து வெல்டிங். ஆங்கிளின் ஒரு காதைக் கீழ்நோக்கி வைத்தால் அது ஜல்லியைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது, பாதை பக்கவாட்டில் நகர்வதில்லை. 3 மீட்டர் பேனல் ஒன்று ஏறத்தாழ 30 கிலோ வருகிறது. ஒரே ஆளாக ஒரு முனையைத் தூக்கி இழுத்துப் போட்டுவிடலாம். வெல்டிங் சூட்டில் பட்டை கோணும் என்பதால், முதலில் எல்லா இடத்திலும் சிறு புள்ளி வைத்துப் பிடித்து, ஆறவிட்டு, அப்புறம்தான் முழுதாக அடித்தேன். இடைவெளி மாறாமல் இருக்க, 260 மி.மீ.க்குத் துல்லியமாக வெட்டிய இரண்டு இரும்புத் துண்டுகளை உள்ளே வைத்து இறுக்கிக்கொள்வேன். அந்த இரண்டு துண்டுகள் இன்றுவரை ஆணியில் தனியாகத் தொங்குகின்றன. வேறெதற்கும் அவற்றைத் தொடுவதில்லை.

கிணற்றைச் சுற்றி ஒரு வளைவு, ஆரம் 10 மீட்டர். 10 மி.மீ. பட்டையை இரண்டு குழாய்களுக்கு நடுவே கொடுத்து, கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க முடிந்தது. சரியாக வளைந்ததா என்று பார்க்க நூல் போதும். தண்டவாளத்தின் உள்முகத்தில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளுக்கு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். 10 மீட்டர் ஆரத்துக்கு அது 50 மி.மீ. இருக்க வேண்டும். 42, 58 என்று ஏறி இறங்கினால் வண்டி அந்த இடத்தில் உதைக்கும். முதல் வளைவுப் பேனலில் இரண்டு பட்டைகளையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டேன். வெளிப்பக்கம் சுற்று அதிகம் அல்லவா, 3 மீட்டருக்கு 8 செ.மீ. வித்தியாசம் வருகிறது. உள்பட்டையை அந்த அளவுக்குக் குறைத்த பிறகுதான் மூட்டுகள் நேருக்கு நேராக வந்தன. வளைவில் மட்டும் இடைவெளியை 264 ஆக்கினேன். இல்லையென்றால் நாலு சக்கர வண்டி இறுகிக்கொள்ளும்.

தரை வேலையைப் பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 15 செ.மீ. பள்ளம், அதில் 10 செ.மீ.க்கு 20 மி.மீ. கருங்கல் ஜல்லி. முதல் மூன்று பேனல்களுக்குக் கையிலிருந்த கூழாங்கல்லைப் போட்டேன். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது, மிதித்தால் நழுவுகிறது. அள்ளி எடுத்துவிட்டு உடைகல் போட்டதும் பாதை கட்டி நின்றது. மட்டம் பார்க்க டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய். கொட்டகைக்கும் குழிக்கும் 90 செ.மீ. இறக்கம். முதல் 51 மீட்டரில் 60 செ.மீ.யும், கடைசி 12 மீட்டரில் மீதி 30-மாகப் பிரித்தேன். அந்தக் கடைசித் துண்டு 40-க்கு 1 சரிவு.

இரும்பு வெயிலில் நீளும். 30 டிகிரி சூடு ஏறினால் 3 மீட்டருக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று மேல், 63 மீட்டருக்கு 22 மி.மீ.க்கும் மேல். அதனால் ஒவ்வொரு மூட்டிலும் 2 மி.மீ. தகடு செருகி இடைவெளி விட்டு, இணைப்புப் பட்டையின் துளைகளை நீள்துளைகளாக்கினேன்.

இனி சக்கரம். முதலில் லேத்தில் கடைந்து வாங்கிய சக்கரங்களின் ஓடுமுகம், அதாவது தண்டவாளத்தின் மேல் உருளும் பரப்பு, உருளை மாதிரி நேராக இருந்தது, சக்கரம் விலகாமல் தடுக்கும் விளிம்பு அதற்குச் செங்குத்தாக நின்றது. நேர்ப்பாதையில் ஓடியது. வளைவில் விளிம்பு பட்டையின் மேலேறி, வண்டி தடம்விட்டு இறங்கிவிட்டது. ரயில் சக்கரத்தின் ஓடுமுகம் கூம்பு என்பது படித்துத் தெரியும், அது எதற்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் அச்சு வெளிப்பக்கம் கொஞ்சம் நகரும்போது, வெளிச்சக்கரம் தன் பருத்த இடத்திலும் உள்சக்கரம் சிறுத்த இடத்திலும் உருளும். அதுவே வண்டியைத் திருப்பிவிடுகிறது. மறுபடி 20-க்கு 1 சரிவு வைத்து, விளிம்பைச் சற்றுச் சாய்த்து, அடிமூலையை உருட்டிக் கடைந்தேன். தண்டவாள முனைகளையும் கிரைண்டரில் மழுக்கினேன்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். ஒன்பதாம் பேனலில் மட்டும் வண்டி விடாமல் தடம்விட்டு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், உரம் ஏற்றினால் ஒழுங்காகப் போகும், காலியாகத் திரும்பும்போது இறங்கும். இடைவெளி அளந்தேன், 260. நூல் பிடித்தேன், நேர். இரண்டு நாள் அந்தப் பேனலையே சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் ரசமட்டத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து, ஒவ்வொரு கட்டையாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு கட்டையில் குமிழி நட்டநடுவில். அடுத்த கட்டையில் கோட்டைத் தாண்டி ஓடியது. 40 செ.மீ.க்குள் இடது தண்டவாளம் 6 மி.மீ. தாழ்ந்திருந்தது. பக்கத்தில் போகும் நீர்க்குழாயின் மூட்டு கசிந்து அடிமண் இளகிவிட்டது.

வண்டியின் சட்டம் விறைப்பு. முறுக்கிக்கொண்ட பாதையில் நாலு சக்கரமும் ஒருசேரப் படியாது, ஒன்று தூக்கிக்கொள்ளும். பாரம் இருந்தால் சட்டம் வளைந்து அந்தச் சக்கரத்தையும் அழுத்திவிடும். காலியாக இருக்கும்போது அழுத்த எதுவும் இல்லை. நாலு கால் ஸ்டூலைக் கரடுமுரடான தரையில் வைத்தால் ஆடும், மூன்று கால் ஆடாது. அதே கணக்கில், முன் அச்சைச் சட்டத்தோடு நடுவில் ஒற்றை போல்ட்டில் மாட்டினேன். இப்போது அது மேலும் கீழும் தன்னிஷ்டத்துக்கு அசைகிறது. குழாய் மூட்டையும் மாற்றி, ஜல்லியைக் கிளறி இறுக்கினேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒருமுறைகூட வண்டி இறங்கவில்லை. பாதை போடுகிறவர்கள் வேறு எதை அளக்காவிட்டாலும், குறுக்கு மட்டத்தைக் கட்டைக்குக் கட்டை அளந்துவிடுங்கள்.

போன மாதம் மோட்டார் வைத்தேன். அதற்கு முன் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். 250 கிலோ வண்டியைச் சமதளத்தில் உருட்ட 4 கிலோ இழுப்பு. 40-க்கு 1 ஏற்றத்தில் இன்னொரு ஆறேகால் கிலோ சேர்கிறது. மணிக்கு 5 கி.மீ. வேகத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 140 வாட். அதனால் 24 வோல்ட், 250 வாட் மோட்டார், செயின் வழியாகப் பின்அச்சுக்கு. பேட்டரி இரண்டையும் அதே அச்சின் மேல் வைத்தேன், சக்கரத்துக்குப் பிடிமானம் வேண்டுமே. அப்படியும் அதிகாலைப் பனியில் ஏற்றத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஒரு சிட்டிகை உலர்ந்த மணல் தூவினால் ஏறிவிடுகிறது.

பிரேக் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. மரக்கட்டை சக்கரத்தை அழுத்துகிறது, ஆனால் இறக்கத்தில் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. நாலு சக்கரத்துக்கும் பிடிக்கும்படி மாற்றும் வரை, குழி முனையில் மணல்மூட்டை அடுக்கிய தடுப்பு இருக்கிறது. வண்டி நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்கு ஆப்பு. குழந்தைகளை ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மகள் அதற்குள் வண்டியில் தன் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டாள். "எப்போ அப்பா நான் ஏறுறது?" என்று தினமும் கேட்கிறாள். அடுத்த வாரம் பிரேக் வேலை.