சுருக்குக் கம்பிக்கு மாற்றாகக் கோழி: 28 நாள் கணக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் அஞ்செட்டி, உரிகம், பென்னாகரம் பக்கத்துக் காட்டோர ஊர்களில் ராகி அறுவடைக்குப் பின் வேலை ஓய்ந்துவிடும். கறிக்கும் கைச்செலவுக்கும் வேறு வழி இல்லாமல் காட்டில் சுருக்குக் கம்பி வைத்து வேட்டையாடும் வீட்டில் போய்ச் சட்டத்தை மட்டும் பேசினால் எடுபடாது. உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர். பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சட்டம் இருக்கட்டும், வீட்டில் கறி இருக்க வேண்டும்.

அதற்குச் சிறுவிடை என்ற நாட்டுக்கோழிதான் சரி. இலவசமாகக் கொடுக்கும் கலப்பினக் குஞ்சுகள் தீவனம் வாங்கிப் போட்டால்தான் தேறும், பெரும்பாலும் அடையும் உட்காராது. ஒரு வீட்டுக்கு 5 பெட்டை, 1 சேவல் போதும். ஒரு பெட்டைக்கு 10 முதல் 12 முட்டை வைக்கலாம். 21 நாளில் பொரியும்.

பெரும்பாலான கோழித் திட்டங்கள் கவிழ்வது வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயில். ஒரு வாரத்தில் கூண்டு காலியானால் மறுபடியும் சுருக்குக் கம்பிதான். அதற்குத் தடுப்பு மருந்து போட வேண்டும்: குஞ்சுக்கு 7ஆம் நாள் லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4ஆம் வாரம் இன்னொரு முறை. 8ஆம் வாரம் ஆர்2பி தடுப்பூசி, இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி. சிக்கல் என்னவென்றால், மருந்துக் குப்பி ஒன்றில் பெரும்பாலும் 100 கோழிக்கான அளவு இருக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 12 குஞ்சு வைத்திருப்பவர் அதற்காக டவுனுக்குப் போய் வரமாட்டார்.

ஆகவே மருந்து போட மாதத்தில் ஒரு நாளை ஊரே சேர்ந்து குறிக்க வேண்டும். அந்த நாளுக்கு 28 நாள் முன்பே எல்லா வீட்டிலும் அடை வைத்தால், குஞ்சுகளுக்கு ஒரே நாளில் 7 நாள் வயதாகும். ஒரு வீட்டின் பெட்டைகள் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வைக்காமல் பாதிப் பாதியாக வைத்தால் கறி தொடர்ந்து கிடைக்கும். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து வெயில் ஏறுமுன் போட்டுவிட வேண்டும். சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போடக் கூடாது.

கைச்செலவுக்குப் புளி உதவும். முன்பணம் வாங்கிக்கொண்டு மரத்தோடு வியாபாரியிடம் விட்டுவிடாமல், மகளிர் குழுவில் கொட்டை எடுத்து விற்றால் கூலியும் விலையும் வீட்டுக்கே வரும்.

காட்டுப்பன்றிக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்குச் சுருக்கு வைப்பது கறிக்காக மட்டும் அல்ல, நிலக்கடலையைக் காக்கவும்தான். அந்தச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டும். பயிர்ச்சேத இழப்பீட்டுக்குப் படத்தோடு உடனே மனுக் கொடுக்க ஊரில் ஒருவர் பழகியிருக்க வேண்டும்.