ஐந்தாவது தடவை கை தூக்கியவன்

மார்ச் 1, ஞாயிறு

இன்றும் அந்தத் தம்பி முன்னால் போனான். "இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள்..." என்று போதகர் சொல்லி முடிப்பதற்குள் கை மேலே போய்விட்டது. எனக்குத் தெரிந்து இது ஐந்தாவது தடவை. பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

ஆராதனை முடிந்ததும், "போன மாதம்தானே தம்பி ஜெபித்தோம்?" என்று கேட்டேன்.

"அது ஒட்டல அண்ணே" என்றான். என்னமோ தபால்தலையைச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து என் பழைய வேதாகமத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் 'இரட்சிக்கப்பட்ட நாள்', அதாவது இயேசுவை ஏற்றுக்கொண்ட நாள், என்று எழுதி, கீழே மூன்று தேதிகள். முதலாவது பென்சிலில் இருக்கிறது. அதையும் இரண்டாவதையும் அடித்திருக்கிறேன். மூன்றாவதை அழுத்தி எழுதியதில் பேனா முனை தாளைக் கிழித்திருக்கிறது. இந்தப் பக்கத்தைப் பற்றி அவனிடம் வாய் திறக்கவில்லை. ஊழியத்துக்கு வந்து இத்தனை வருடமாகிறது, இன்னும் வெட்கம்.

மார்ச் 4, புதன்

எதையோ தேடப்போய் ஆத்தும ஆதாய நோட்டு அகப்பட்டது, நாங்கள் விசுவாசத்துக்குள் நடத்தியவர்களின் கணக்கு. பெயர், தேதி, 'தீர்மானம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் அந்தத் தம்பியின் பெயர், என் கையெழுத்தில். அவன் முதல் தடவை ஜெபித்தது என்னோடுதான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச்சொல்ல அவன் திருப்பிச் சொல்லியிருப்பான். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கை குலுக்கிவிட்டு அடுத்தவரிடம் போயிருப்பேன்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக் காவலன் "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது, அடிபட்டு அங்கே சிறையிலிருந்த பவுலும் சீலாவும் ஒரே வரியில்தான் பதில் சொன்னார்கள்: கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள். அந்த வரியை மட்டும் நாங்கள் துண்டுப்பிரதியில் அச்சடித்தோம். அப்போஸ்தலர் 16-இல் அதற்கு அடுத்த வசனங்களும் இருக்கின்றன. அந்த இராத்திரியிலேயே அவன் வீட்டார் எல்லாருக்கும் வசனத்தைப் போதிக்கிறார்கள், அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான், ஞானஸ்நானம் நடக்கிறது, வீட்டில் பந்தி. என் நோட்டில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பு. முன்பே படித்ததுதான், இந்தத் தடவை வேறு மாதிரி படிகிறது.

1735-இல் மிஷனரியாக ஜார்ஜியாவுக்குக் கப்பலேறிய மனிதர். 1738 தொடக்கத்தில் மனம் ஓய்ந்து திரும்பினார். அமெரிக்காவுக்கு மற்றவர்களை மனந்திருப்பப் போனேனே, என்னை மனந்திருப்புவது யார் என்று எழுதிவைத்தார். அதே வருடம் மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். இஷ்டமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு எட்டே முக்கால் வாக்கில் தன் இருதயம் வினோதமாக அனல் கொண்டது என்கிறார். இதுவரை எல்லாப் பிரசங்கிகளும் சொல்வதுதான்.

சொல்லாமல் விடுவது 1739 ஜனவரி 4. ஏழே மாதம் கழித்து அதே மனிதர், 'நான் கிறிஸ்தவன் அல்ல' என்று எழுதுகிறார். இத்தனைக்கும் அதே வருடம்தான் திறந்த வெளியில் பிரசங்கிக்க ஆரம்பித்தார். பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர் இவர். ஜனவரி 4 என்று யாராவது பிரசங்கத்தில் சொல்லியிருந்தால் என் முதல் பக்கத்தில் இத்தனை அடித்தல் வந்திருக்காது.

மார்ச் 14, சனி

தம்பி வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். முதலில் நோட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் வேதாகமத்தின் முதல் பக்கம். விரலால் அந்தக் கிழிசலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். "உங்களுக்குமா?" என்றான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். நெல்லிக்காய் அளவுக்கு மடித்திருந்தது. அந்த வாரத்துப் பாவங்களின் பட்டியல். ஒன்று விடுபட்டாலும் மன்னிப்புச் செல்லாது என்று எழுதிவைப்பானாம். ஞாயிற்றுக்கிழமை முன்னால் போகும்போது கைக்குள் வைத்திருப்பானாம். நாங்கள் சிரித்த கைக்குள் இதுதான் இருந்திருக்கிறது.

லூத்தரைப் பற்றிச் சொன்னேன். மடத்தில் இருந்த காலத்தில் அவரும் ஸ்டாவ்பிட்ஸ் என்ற மூத்தவரிடம் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தவர், முடித்துவிட்டுப் போனபின் விட்டுப்போனது ஒன்று ஞாபகம் வரும். அந்த மனிதர் எழுதிய முன்னுரையைக் கேட்டுத்தான் வெஸ்லிக்கு இளைப்பாறுதல் வந்தது. தம்பி முதல் தடவையாகச் சிரித்தான்.

பிறகு 1 யோவான் 3:20-ஐ அவனையே வாசிக்கச் சொன்னேன். நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்தவர். "சகலத்தையும்னா, பட்டியல்ல இல்லாததும்தானே?" என்று கேட்டான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், எந்தப் பட்டியலிலும் எழுதாத ஒன்றைச் சொன்னான். அது இங்கே வராது.

ராத்திரி தூக்கமே இல்லை என்றும் சொன்னான். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அதை விசுவாசக் குறைவு என்று பேசுகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. அது இன்னொரு நாள்.

மார்ச் 21, சனி

யோவான் 11. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பியபோது, கல்லறையில் இயேசு மனிதர்களுக்குக் கொடுத்த வேலை இரண்டே இரண்டு. கல்லை எடுத்துப்போடுங்கள் என்பது ஒன்று, இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள் என்பது மற்றொன்று. நடுவில் "லாசருவே, வெளியே வா" என்று கூப்பிட்டது அவர். நான் இத்தனை காலம் அந்த நடு வேலையைத்தான் செய்யப் பார்த்திருக்கிறேன். அதுவும் மூன்று நிமிடத்தில்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளியே வந்தபோது அவன் முகமும் சீலையால் சுற்றப்பட்டிருந்தது. உயிரோடு நிற்கிறான், ஆனால் எதிரே நிற்கிறவரைப் பார்க்க முடியாது. அந்த நிலையில் ஒருவனிடம் போய் "உனக்கு இரட்சிப்பின் நிச்சயம் இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன சொல்வான்? அதுவும் நாலு நாள் கல்லறையில் கிடந்தவன். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கிட்டே போனால்தான் முடிச்சு கைக்கு எட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கடைசியில் வழக்கம்போல அழைப்பு. தம்பி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், விரல் கணுக்கள் வெளுக்கிற அளவுக்கு. எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும், "உட்கார்றதுதான் அண்ணே கஷ்டமா இருந்துச்சு. அடுத்த வாரம் போனாலும் போயிடுவேன்" என்றான்.

"போனா போ. நான் யாரிடமும் கணக்குச் சொல்லப்போவதில்லை" என்றேன்.

சரி என்று நாலு அடி நடந்தவன் திரும்பி வந்தான். அவன் வேலை செய்யும் இடத்தில் ஒருவர், பெரியவர், தனக்கு மன்னிப்பே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "நீங்க வந்து பேசுறீங்களா?"

"நீ பேசு. வேண்டுமானால் கூட வருகிறேன்."

"எனக்கே இன்னும் சரியா..."

"அதையே அவரிடம் சொல்லு."

வியாழக்கிழமை சாயங்காலம் போவதாக முடிவு.