தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது

2022-ல் சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழே சிவப்பு டெங்கு எச்சரிக்கை பேனர் கட்டினார்கள். ஒரு வட்டாரத்தில் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ டெங்கு வந்துவிட்டால் சிவப்பு. பத்துக்குக் குறைவு என்றால் மஞ்சள். அந்த வாரமே தொண்டூழியராகப் பெயர் கொடுத்தேன். தன்னார்வலர் என்று நம் ஊரில் சொல்வதை சிங்கப்பூரில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

பெயர் கொடுத்ததற்குக் காரணம் 2020. நாடு முழுக்க 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருஷம். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாக ரசம் வைத்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி வயிற்றுவலி, விடாத வாந்தி. காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் டெங்கு ஆபத்தாகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதுவரை எனக்குத் தெரியாது. ஐந்து நாள் கழித்து அவர் வீடு வந்து சேர்ந்தார். இந்த ஒரு விஷயத்தையாவது நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன்.

ஞாயிறு காலையில் நாலு மொழி நோட்டீஸும் டார்ச்சுமாகக் கிளம்புவோம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, மணி பிளாண்ட் வைத்த பாட்டில், துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகுகிற குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கழி இல்லாத நேரம் அந்தக் குழாயை மூடி வைக்க வேண்டும். இருபது காசு நாணயம் அளவு தண்ணீர் நின்றாலே கொசுவுக்குப் போதும். வீட்டில் கொசுப்புழு இருந்தால் 200 வெள்ளி, அதாவது 200 சிங்கப்பூர் டாலர், அபராதம் என்பதால் சிலர் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார்கள். நாங்கள் அபராதம் போட வந்தவர்கள் இல்லை என்று சொல்லவே முதல் ஐந்து நிமிஷம் போகும். நோட்டீஸை நீட்டினால் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அவர்களோடு சேர்ந்து குனிந்து, டார்ச் அடித்து, நெளிகிற புழுவைக் காட்டினால்தான் முகம் மாறும்.

அங்கே நான் கற்றுக்கொண்டதில் பெரியது இது: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டால் பொரியும். அதனால் கொட்டிக் கவிழ்த்தால் போதாது. தேய்க்க வேண்டும்.

போன கார்த்திகையில், பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு, காங்கேயம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், ஆட்டுக்கல் குழி நிறையத் தண்ணீர். அதை உடனே இறைத்துத் தேய்த்துவிட்டேன். ஆனால் வாசலில் வரிசையாக மூன்று நீல ட்ரம். தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள் என்று அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) ஆரம்பித்தேன்.

"ஏங்கண்ணு, ஆத்துத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருது. புடிச்சு வெக்காம என்ன பண்றது?"

பதில் சொல்ல முடியவில்லை. யீஷூனில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். அங்கே சொல்கிற வாசகத்தை இங்கே அப்படியே கொண்டுவந்து சொல்வது நியாயமே இல்லை. அமுச்சி இன்னொன்றும் சொன்னார்: "பூச்சி நெளிஞ்சா அது நல்ல தண்ணின்னுதான் எங்க காலத்துல சொல்லுவாங்க." அதிலும் விஷயம் இருக்கிறது. இந்தக் கொசு சாக்கடையைவிடத் தெளிந்த தண்ணீரைத்தான் தேடும்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் தோன்றியது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தண்ணீர் வருவதும் எட்டு நாளுக்கு ஒருமுறை. ட்ரம் காலியாகிக் கிடக்கிற நாளும் அதுதான். அன்றைக்குத் தேங்காய் நாரால் உள்சுவரை விளிம்பு வரை நன்றாகத் தேய்த்து, கழுவிக் கொட்டி, அப்புறம் பிடித்தால் சரி. மூடி உடைந்த ட்ரம்முக்கு அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) பழைய வேட்டியை இரண்டாக மடித்து, சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டினோம். அமுச்சியே முடிச்சுப் போட்டார்.

அடுத்த இரண்டு நாள், கொசு மருந்து ஊற்ற வருகிற அக்காவோடு வீடு வீடாகப் போனேன். குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று பலர் அவரைச் சலித்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் "சிங்கப்பூர் அம்மிணி வந்திருக்குது" என்று உட்காரச் சொன்னார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. விமானம் ஏறி வந்தவள் சொன்னால் காது கொடுக்கிறார்கள். வாரா வாரம் வெயிலில் வருகிறவருக்கு அது கிடைப்பதில்லை. மூன்றாவது வீட்டிலிருந்து நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். "அக்கா சொல்றதைக் கேளுங்க, எனக்கும் இவங்கதான் சொல்லிக் கொடுக்கறாங்க" என்றேன். உண்மையும் அதுதான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை யார் வீட்டில் எப்படிக் கழற்றுவது என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக ஒரு கொப்பரைக் களத்துக்குப் போனோம். தேங்காயை உடைத்துப் பருப்பைக் காயப்போட்டுவிட்டு, தொட்டியை ஓரமாக மலைபோலக் குவித்திருந்தார்கள். எங்கள் பக்கம் சிரட்டையைத் தொட்டி என்போம். கரி சுடுகிறவர்கள் வந்து அள்ளும்வரை மழையில் அப்படியே கிடக்கும்.

"ஆயிரக்கணக்குல கெடக்குதுங்க அம்மிணி. ஒவ்வொண்ணாக் கவுத்தவா முடியும்?" என்றார் களத்துக்காரர்.

முடியாதுதான். தார்பாய் போட்டு மூடலாம், இல்லையென்றால் மழைக்கு முன்னாலேயே விற்றுவிடலாம் என்றார் அக்கா. களத்துக்காரர் கொஞ்ச நேரம் குவியலைப் பார்த்துவிட்டு லாரிக்காரருக்குப் போன் போட்டார். பருப்புப் பிரட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓரத்தில் மல்லாந்து கிடந்த தொட்டிகளை எடுத்து மண்ணில் கொட்ட ஆரம்பித்தார்கள். நாலைந்து தொட்டிக்கு அப்புறம் ஒருத்தி கையை நிறுத்தி, "இங்க பாருங்க" என்றாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். உள்ளங்கை அளவு தண்ணீர். அதில் ஏழெட்டுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.