தினமும் 31 பிக்சல் இறங்கிய விண்டோ

குலசேகரத்தில் மாமாவுக்கு மலைச்சரக்குக் கடை. ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், நல்லமிளகு, பாக்கு, சீசன் வந்தால் கிராம்பு. காலையில் ரப்பர் போர்டு விலையைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து தன் கணக்குக்கு ஒரு விலை போடுவார். எடை, தரம், விலை, முன்பணக் கழிவு, மீதி. இவ்வளவுதான் கணக்கு. இதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று போன கோடையில் வாயைக் கொடுத்தேன். எனக்குப் பகலில் வேறு வேலை. பைத்தானெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல்தான்.

கணக்குப் பகுதி இரண்டு வாரத்தில் முடிந்தது. விண்டோ ஒழுங்கான அளவில் திறக்க மூன்று மாதம் பிடித்தது.

எழுதியது டிகேஇன்டரில். பைத்தான் புரோகிராமுக்கு விண்டோ, பட்டன் எல்லாம் வரைந்து தரும் கருவி அது; உள்ளே வேலை செய்வது டிகே. பைத்தானோடு கூடவே வருவது, தனியாக எதையும் இறக்க வேண்டாம் என்பதால் அதை எடுத்தேன். தக்கலையில் என் வீட்டு லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. பழைய மெஷின், திரை 1366க்கு 768. கடைக்குக் கொண்டுபோய்ப் போட்ட மறுநாளே போன். "மக்கா, ஒனக்க பெட்டி பலூன் மாதிரி ஊதுது கேட்டியா."

நேரில் போய்ப் பார்த்தால் உண்மைதான். மாமா ஆள் பெயரை மட்டும் அடிப்பதில்லை. வீட்டுப் பெயர், திசை, மூத்தவரா இளையவரா எல்லாம் சேர்த்து 'பிலாவிளை வடக்கேவீட்டு மூத்தவர்' என்று அடிப்பார். விண்டோவுக்கு அளவு சொல்லாமல் விட்டால், உள்ளே இருப்பவை எவ்வளவு இடம் கேட்கின்றனவோ அதைக் கூட்டி டிகே தானே அளவு போட்டுக்கொள்ளும். பெயர் நீண்டால் லேபிள் விரியும், லேபிள் விரிந்தால் அது இருக்கும் கட்டம் விரியும், கட்டத்தோடு விண்டோவும் விரியும். அடுத்து வருகிறவர் பெயர் சின்னதாக இருந்தால் திரும்பச் சுருங்கும். இதில் இன்னொரு குழப்பம்: மாமா ஒருமுறை ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டால், அன்று மூடும்வரை ஊதுவதும் சுருங்குவதும் நின்றுவிடும். கையால் அளவு மாற்றினாலோ, ஜியோமெட்ரி என்று எழுதி நாமே அளவு சொன்னாலோ, டிகே தன் கணக்கை விட்டுவிட்டு நம் அளவைப் பிடித்துக்கொள்ளும். ஜியோமெட்ரிக்கு ஒன்றும் எழுதாத வெறும் காலிச் சரத்தைக் கொடுத்தால்தான் பழையபடி தன் கணக்குக்குத் திரும்பும். இது தெரியாமல், "நேத்து ஊதல, இன்னைக்கு ஊதுது" என்று அவர் சொன்னதை நான் நம்பவே இல்லை.

சரி, லேபிளுக்கு அகலம் 24 என்று பூட்டிவிட்டேன். போதவில்லை. 24 எழுத்து என்று நினைத்திருந்தேன்; டிகே அளப்பது அந்த ஃபான்ட்டில் பூஜ்யம் என்ற எண்ணின் அகலத்தை வைத்து. நம் 'ண'வும் 'ஞ'வும் பூஜ்யத்தின் அகலத்துக்குள் அடங்குமா? எழுத்தை எண்ணிப் பார்க்கலாம் என்றால் அதுவும் உதவாது. 'நாகர்கோவில்' நமக்கு ஆறு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 11 என்கிறது, காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வருவதால். கடைசியில் ஃபான்ட்டிடமே இந்தச் சொல் எத்தனை பிக்சல் என்று கேட்கும் 'மெஷர்' வழியைப் பிடித்தேன். கடையில் உள்ள பெயர்களிலேயே நீளமானதை அளந்து அதற்கு இடம் ஒதுக்கி, மொத்த விண்டோவுக்கும் 1000க்கு 640 என்று அளவு சொல்லிவிட்டேன். ஊதல் நின்றது.

அப்புறம் ஓர் ஆசை. மூடும்போது விண்டோ எங்கே இருந்ததோ, மறுநாள் அங்கேயே திறக்கட்டும் என்று இடத்தை ஒரு ஃபைலில் எழுதிவைத்தேன். ஒரு வாரம் கழித்து போன்: பெட்டி தினமும் இறங்குகிறதாம்.

மழை பிடித்துக்கொண்ட நேரம். ரப்பர் பால்வெட்டு இல்லாததால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். போனதும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையின் இடது ஓரச் சட்டத்தில், கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல், வெள்ளைப் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். தச்சன் மரத்தில் குறி போடுவதுபோல. ஒவ்வொரு காலையும் விண்டோவின் மேல்விளிம்பு எங்கே திறந்ததோ அங்கே ஒரு கோடு. ஆறு கோடுகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. ஸ்கேலை வைத்து அளந்தேன். பிறகு அதே ஸ்கேலை விண்டோவின் டைட்டில் பட்டையில் வைத்தேன். இரண்டும் ஒன்று.

அந்த ஆறு கோடு இல்லாவிட்டால் நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். இடத்தைக் கேட்க டிகேஇன்டரில் இரண்டு ஜோடி வழி உண்டு. வின்ஃபோ எக்ஸ், வின்ஃபோ ஒய் என்பவை சட்டத்தோடு சேர்ந்த வெளி மூலையைச் சொல்லும். வின்ஃபோ ரூட் எக்ஸ், வின்ஃபோ ரூட் ஒய் என்பவை டைட்டில் பட்டைக்குக் கீழே, உள்ளே தொடங்கும் மூலையைச் சொல்லும். நான் உள் மூலையை எழுதிவைத்து, மறுநாள் அதை வெளி மூலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அச்சிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் கீழே 31 பிக்சல், வலப்பக்கம் 8. விண்டோ நண்டு மாதிரி கோணலாக ஊர்ந்திருக்கிறது. வலப்பக்கம் போனதை மாமா கவனிக்கவில்லை, அதற்குக் கோடு போடத் திரையில் இடமும் இல்லை. இடத்தைத் தனித்தனி எண்ணாக எடுப்பதை விட்டுவிட்டு, ஜியோமெட்ரி தானே தருகிற முழு வரியை அப்படியே எழுதி, அப்படியே திருப்பிக் கொடுத்தேன். இறக்கம் அன்றோடு சரி.

நடுவில் இன்னொரு அசட்டுத்தனம். முதல்முறை திறக்கும்போது திரையின் நடுவில் நிறுத்த, விண்டோவின் அகலத்தைக் கேட்டுப் பாதியாக்கிக் கழித்தேன். விண்டோவின் இடது மேல் மூலை போய் நடுவில் உட்கார்ந்தது. திரையில் வரையும் முன் அகலம் கேட்டால் டிகே 1 என்றுதான் சொல்லும். 'அப்டேட் ஐடில் டாஸ்க்ஸ்' என்று ஒருவரி போட்டுவிட்டுக் கேட்க வேண்டும். இதற்கு ஓர் இரவு போனது.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. "காலையில சரியா இருக்கு, சாயங்காலம் சின்னப்பிள்ள மாதிரி ஆவுது. ஆனா தினமும் இல்ல." நான் போகும் நாளில் ஒன்றும் நடக்காது. மாமாவிடம் நாள் குறித்துவைக்கச் சொன்னேன். நாள்வழி நோட்டின் ஓரத்தில், ஒட்டுப்பால் எடைக்குப் பக்கத்தில், 'பெட்டி சின்னது' என்று எழுதிவைத்திருந்தார். மூன்று வாரத்தில் ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளில் என்ன பொது? மழையா, கரண்ட் போனதா என்று எதையெதையோ யோசித்தேன். கடைசியில் படங்கள் ஃபோல்டர் கண்ணில் பட்டது. பில்லை வாட்ஸ்ஆப்பில் அனுப்ப வசதியாக, திரையைப் படம் எடுக்க 'படம்' என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். ஃபோல்டரில் இருந்த ஃபைல்களின் தேதிகளும் நோட்டில் இருந்த ஐந்து தேதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. நான் போன நாளில் யாரும் அந்தப் பட்டனை அமுக்கவில்லை, அவ்வளவுதான். அமுக்கினேன். கண்ணெதிரே விண்டோ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. மாமா, "நான் சொன்னேம்லா" என்றார்.

கடை லேப்டாப் திரை 1920க்கு 1080. 15 அங்குலச் சொச்சம் திரையில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும் என்பதால் விண்டோஸ் செட்டிங்கில் ஸ்கேல் 150 சதவீதம். இந்த ஸ்கேல் சங்கதி தெரியாத புரோகிராமிடம் விண்டோஸ் ஒரு பொய் சொல்கிறது: திரை 1280க்கு 720தான் என்று. புரோகிராம் அதை நம்பி வரைந்ததைப் பிறகு ஒன்றரை மடங்கு இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால்தான் கடையில் எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறிய பேப்பர்போல லேசாகக் கலங்கித் தெரிந்தது. மாமாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். டிகே என்பது 1991 வாக்கில் ஜான் அவுஸ்டர்ஹவுட் டிக்ல் என்ற புரோகிராம் மொழிக்காகச் செய்தது. பிக்சல் என்றால் எல்லாத் திரையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்று இருந்த காலம்.

படம் எடுக்க நான் பிடித்தது பைஆட்டோகுயி என்ற லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு. மவுஸ் இருக்கும் இடம் சரியாகத் தெரிய வேண்டுமே என்பதற்காக, அது இம்போர்ட் ஆகும்போதே, அதாவது நம் புரோகிராமுக்குள் ஏறும்போதே, விண்டோஸிடம் 'எனக்கு டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) தெரியும், பொய் சொல்லாதே' என்று சொல்லிவிடுகிறது. அதன் வேலைக்கு அது சரி. நான் செய்ததுதான் கோளாறு. புரோகிராம் சீக்கிரம் திறக்கட்டும் என்று அந்த இம்போர்ட்டைப் பட்டனுக்குள் ஒளித்துவைத்திருந்தேன். விண்டோ திறந்து அரைநாள் ஓடிய பிறகு, பட்டனை அமுக்கும் நிமிடத்தில் அது வந்து விண்டோஸிடம் சொல்கிறது. இழுத்துப் பெரிதாக்குவது நின்று, என் 1000க்கு 640 அப்படியே அசல் பிக்சலாக மாறிச் சுருங்குகிறது. மூடித் திறந்தால் மறுநாள் காலை பழையபடி.

இம்போர்ட்டை மேலே தூக்கினேன். சுருங்குவது நின்றது, வேறொன்று முளைத்தது. விண்டோ சின்னதாகவே திறந்தது, எழுத்து மட்டும் பெரிதாகி பட்டன்கள் கீழே வெட்டுப்பட்டன. ஃபான்ட் அளவை நாம் பாயின்ட் என்ற அச்சு அளவில் கொடுக்கிறோம். புரோகிராம் தொடங்கும்போது ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை பிக்சல் என்று டிகே கேட்டுவைத்துக்கொள்ளும், 96 டி.பி.ஐ. என்றால் 1.33, 144 என்றால் 2. ஆகவே எழுத்து தானே வளர்கிறது. விண்டோ அளவும் இடைவெளியும் பிக்சலில் இருப்பதால் வளரவில்லை.

இப்போது இருப்பது இதுதான். முதல் வேலையாக, டிகே தொடங்கும் முன், பைத்தானிலிருந்து விண்டோஸின் வேலைகளைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் வழியாக, விண்டோஸின் 'செட் பிராசஸ் டிபிஐ அவேர்னஸ்' என்பதை 1 கொடுத்து நானே கூப்பிடுகிறேன். விண்டோஸ் 8.1 தொடங்கி இது உண்டு. பிறகு ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று டிகேயிடமே கேட்டு 96ஆல் வகுத்தால் பெருக்க வேண்டிய எண் வந்துவிடும், கடையில் 1.5, என் வீட்டில் 1. பிக்சலில் சொன்ன எல்லாவற்றையும் அதால் பெருக்குகிறேன். உற்சாகத்தில் ஃபான்ட்டையும் பெருக்கிவிட்டு, ஏற்கனவே வளர்ந்தது மறுபடி வளர்ந்து, ரப்பர் விலை கல்யாணப் பத்திரிகைத் தலைப்பு மாதிரி நின்றதையும் சொல்லியாக வேண்டும். பாயின்ட்டில் சொன்னதைத் தொடக் கூடாது. 1500க்கு 960 இப்போது டாஸ்க்பாருக்கு மேலே மயிரிழையில் அடங்குகிறது.

பட்டியல் மட்டும் கடைசிவரை அடம்பிடித்தது. பட்டியல் காட்டும் ட்ரீவியூவில் ஒரு வரியின் உயரம் சொல்லாவிட்டால் 20 பிக்சல். தமிழ் எழுத்தின் கீழ்வால் அதில் அடங்காமல், 'நல்லமிளகு' பல நாள் 'நல்லமிளக' மாதிரியே தெரிந்தது. ஃபான்ட்டின் வரி உயரத்தைக் கேட்டு, அதோடு ஒரு ஆறு பிக்சல் கூட்டி வைத்தேன்.

போன வாரம் மருமகன் லேப்டாப்பை டிவியில் சொருகிக் கிரிக்கெட் பார்த்திருக்கிறான். விண்டோ டிவிப் பக்கம் போய் அங்கேயே மூடப்பட்டு, காலையில் திறந்தால் ஆளையே காணோம். எழுதிவைத்த இடம் திரைக்கு வெளியே இருந்தால் நடுவில் வை என்று இரண்டு வரி சேர்த்தாயிற்று.

இதற்கிடையில் மாமா பில் பிரிண்டர் வாங்கிவிட்டார். 80 மில்லிமீட்டர் ரோல், அங்குலத்துக்கு 203 புள்ளி. முதல் பில்லில் பிலாவிளை பாதியோடு வெட்டுப்பட்டு, மிச்சம் அடுத்த வரியில் வந்து விழுந்தது.