அரைவாசி வீடு: லண்டன் ஹரோவில் இருந்து ஒரு நாட்குறிப்பு

7 செப்டம்பர் 2024, சனி

வாடகையைத் திரும்பவும் கூட்டப் போகிறார்களாம். இப்போதே 1,350 பவுண். பள்ளிக்கூடக் குசினி வேலையில் வரியும் பென்ஷனும் கழிய என் கைக்கு வருவது மாதம் 1,528 பவுண். காணாத பங்கைச் சேமிப்பில் இருந்துதான் எடுக்கிறேன்.

சேமிப்பைப் பற்றி ஆட்களிடம் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் இனி எழுதப் போவது ஒன்றும் விளங்காது. 188,000 பவுண் இருக்கிறது. என் கணவர் பஸ் ஓட்டியவர், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார், அதற்கு வேலையிடம் தந்த காசும், இருவருமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்ததும் சேர்ந்ததுதான் அது. ஒரு வங்கி முறிந்தால் இந்த 2024இல் 85,000 வரைதான் உத்தரவாதம் என்பதால் மூன்று வங்கியில் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் ஹரோவில் ஒரு அறை வீடு வாங்க இது காணாது. மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், எடுக்கலாம் என்றால் வருடச் சம்பளம் 22,000, வயது 57, பத்து வருடத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்கிறார்கள், அந்த மாதத் தவணையை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது. அரசாங்க உதவி கேட்கலாம் என்றால் 16,000க்கு மேல் கையிருப்பு உள்ளவருக்கு யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. வங்கி வட்டி வருவதால்தான் இந்தக் காசு கரைவது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. இங்கிலாந்து வங்கி ஆகஸ்டில் 5.25இல் இருந்து 5 வீதத்துக்குக் குறைத்துவிட்டது, இன்னும் குறைப்பார்கள் போல.

18 செப்டம்பர், புதன்

மகள் லெஸ்டரில் இருந்து ஃபோன் எடுத்து, “அம்மா, ஷெயார்ட் ஓனர்ஷிப் பற்றி யோசிச்சீங்களா?” என்றாள். வீட்டில் ஒரு பங்கை மட்டும் வாங்கும் அந்தத் திட்டம் சம்பளம் குறைந்த இளம் ஆட்களுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வயதுக்கு மேல் எல்லை இல்லையாம். லண்டனில் வீட்டு வருமானம் 90,000க்குள் இருக்க வேண்டும், எங்களுக்கு வேண்டிய வீட்டைச் சந்தை விலைக்கு முழுதாக வாங்க வழியில்லாமல் இருக்க வேண்டும். வீட்டின் ஒரு பங்கை, 10 வீதத்தில் இருந்து 75 வீதம் வரை, நாங்கள் வாங்கலாம். மிச்சப் பங்குக்கு, அதை வைத்திருக்கும் வீட்டு அமைப்பான ஹவுசிங் அசோசியேஷனுக்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும்.

55 வயது நிரம்பியவர்களுக்கு வேறொரு வகையும் இருக்கிறது. அதில் 75 வீதம் வாங்கிவிட்டால் மிச்சத்துக்கு வாடகையே இல்லை. இரண்டு நாள் இரவிரவாகத் தேடினேன். கடற்கரைப் பக்கம் தூரத்து ஊர் ஒன்றில் ஒரு பிளாட் இருந்தது. அங்கே போனால் வேலை போய்விடும், ஈலிங் அம்மன் கோயிலுக்குக்கூட இரண்டு ரயில் மாற வேண்டும். இங்கே கிட்டவாக ஒன்றும் இல்லை.

20 அக்டோபர், ஞாயிறு

வீடு பார்த்தேன். புதுக் கட்டடம், இரண்டாம் மாடி, ஒரு அறை. குசினி யன்னல் கிழக்குப் பார்த்தது. முழு விலை 340,000.

வந்ததும் மேசையில் இருந்து கணக்குப் பார்த்தேன். 50 வீதம் வாங்கினால் 170,000, மோர்ட்கேஜ் வேண்டாம். மிச்ச 170,000க்கு வருடம் 2.75 வீதம் வாடகை, மாதம் 390 பவுண் வருகிறது. கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக்கான சேர்விஸ் சார்ஜ் 185. பாதி வீடுதான் எனது என்றாலும் சேர்விஸ் சார்ஜ் முழுவதும் என் தலையில்தான், இதைக் கவனிக்காமல் போகிறவர்கள் நிறையப் பேர். ஆக 575. இப்போது கட்டும் 1,350ஐ விட எவ்வளவோ மேல், ஆனால் சேமிப்பு போனால் வட்டியும் போகிறது, அதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பார்த்தாலும் மாதம் 100, 150 பவுண் மிஞ்சுகிறது. அதோடு வீட்டுக்காரர் நோட்டீஸ் தருவாரோ என்ற பயம் இல்லை, எனக்கு அதுதான் பெரிது.

வாடகை ஒவ்வொரு வருடமும் விலைவாசியோடு ஏறும், அதற்கு மேல் இன்னும் ஒரு வீதம். வருடம் 3 வீதம் ஏறினால் எனக்கு 67 வயதாகும்போது 390 என்பது 524 ஆகிவிடும். அரச பென்ஷன் அந்த வயதில்தான் எனக்குத் தொடங்கும். இந்த எண்ணைக் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

27 நவம்பர், புதன்

இன்று சரியான கோபம். விற்பனைப் பகுதியில் இருந்து கதைத்த பிள்ளை, “உங்களிடம் 188,000 இருக்கிறதே, 55 வீதம் வாங்கலாமே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முடிந்த அளவு பெரிய பங்கை வாங்க வேண்டும் என்பது அவர்களின் முறையாம். 55 வீதம் என்றால் 187,000. மாத வாடகையில் குறைவது 39 பவுண். அந்த 39 பவுணுக்காக 17,000ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஆயிரம் பவுணோடு நான் நிற்க வேண்டுமா? வீட்டு எழுத்துவேலை பார்க்கும் சொலிசிற்றருக்குக் கொடுக்க எது, வீடு மாற எது, வருத்தம் வந்து வேலைக்குப் போக முடியாமல் போனால் எது?

இதையெல்லாம் எழுதி, சம்பளச் சீட்டையும் மாதச் செலவையும் சேர்த்து மெயில் போட்டேன். பின்னேரம் மேலாளர் எடுத்து 50 வீதத்துக்குச் சரி என்றார். பிறகு வசதி வந்தால் பங்கைக் கூட்டலாம், முதல் 15 வருடமும் வருடம் ஒரு வீதமாகவும் வாங்கலாம். அப்போது பார்ப்போம்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். வேலை முடிந்து வந்துதான் பொங்கினேன்.

சொலிசிற்றர் இரண்டு விஷயத்தில் பிடித்து வைத்திருக்கிறார். ஒன்று, 2021இல் வங்கியில் காசாகப் போட்ட 9,000. எங்கிருந்து வந்தது? சீட்டுக் காசு. 15 பேர், மாதம் 600, நான் கடைசிச் சீட்டு எடுத்தேன், அதனால் கழிவில்லாமல் முழுதாக வந்தது. இதை அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஃபோனில் முக்கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். எங்களுக்கு இது தெரிந்த முகத்தை நம்பிச் செய்யும் வேலை, அவர்களுக்குக் கடதாசி வேண்டும். கடைசியில், 15 மாதமும் என் கணக்கில் இருந்து 600 எடுத்த ஸ்டேட்மெண்ட் கைகொடுத்தது. சீட்டுப் பிடித்த அக்காவும் மறுக்காமல் கடிதம் தந்தார். சீட்டுக் காசை வங்கியில் போடுகிறவர்கள் அன்றைக்கே ஒரு துண்டு எழுதி வையுங்கள்.

மற்றது, “உலகத்தில் எங்காவது உங்கள் பெயரில் வீடு இருந்ததா?” என்ற கேள்வி. இருந்தது. சாவகச்சேரியில் என் சீதன வீடு. 2009இல் தங்கச்சியின் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிவிட்டேன். ஆனாலும் ஒரு காலத்தில் எனதாக இருந்ததால் இங்கே எனக்கு முதல் வீடு வாங்குபவருக்கான முத்திரை வரிச் சலுகை இல்லை. இங்கிலாந்தில் ஒரு செங்கல்லும் வாங்கியதில்லை என்று சொல்லிப் பயனில்லை, ஊர் வீடும் கணக்கில் சேரும். நல்லவேளை, 170,000க்கு மார்ச் 31 வரை எப்படியும் வரி இல்லை. ஏப்ரலில் இருந்து 250,000 என்ற எல்லை 125,000க்கு இறங்குகிறது, அப்போது முடித்தால் 900 பவுணுக்கு மேல் போகும். தங்கச்சி உறுதியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறேன்.

9 பெப்ரவரி, ஞாயிறு

நித்திரை இல்லை. மகள் ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னாள். 2007இல் பர்மிங்ஹாமில் தீர்ப்பான வழக்கு அது. பாதிப் பங்கு வாங்கியிருந்த ஒரு பெண் வாடகை கட்டத் தவறினார். அவர் சட்டத்தின் கண்ணில் வாடகைக்கு இருப்பவர்தான் என்று தீர்ப்பாகி, வீட்டோடு பங்கின் மேல் இருந்த உரிமையும் போய்விட்டது. மோர்ட்கேஜ் இருந்தால் தன் காசைக் காப்பாற்ற வங்கியாவது குறுக்கே வரும். முழுக் காசும் கொடுத்து வாங்குகிற எனக்குப் பின்னால் யாரும் இல்லை. முழுக் காசும் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று நான் எண்ணியிருந்தேன்.

சொலிசிற்றரிடம் கேட்டேன், உண்மைதான் என்றார். இந்த 2025 பெப்ரவரியில் உள்ள சட்டப்படி இரண்டு மாத வாடகை பிந்துவதே ஆபத்து. வேண்டாம் என்று விட்டுவிடவும் யோசித்தேன். பிறகு, ஒரு வருடத்து வாடகையும் சேர்விஸ் சார்ஜும், 6,900 பவுண், தனிக் கணக்கில் போட்டு அதில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். 55 வீதம் வாங்கியிருந்தால் இதற்கு வழியே இருந்திராது.

லீஸ் என்ற குத்தகைப் பத்திரத்தையும் முழுக்க வாசித்தேன். 990 வருடம். முதல் பத்து வருடம் கட்டடத்தின் வெளிப்புறத் திருத்தம் அவர்கள் பொறுப்பு, உள்ளே சில திருத்தங்களுக்கு வருடம் 500 பவுண் வரை கேட்கலாம். பழைய லீஸில் இது இல்லை, ஆகவே பழைய பங்கு வீட்டை வாங்குகிறவர்கள் எந்த வகை லீஸ் என்று முதலில் கேளுங்கள்.

29 மார்ச், சனி

நேற்றுப் பகல் திறப்புத் தந்தார்கள். வரி எல்லைக்கு மூன்று நாள் முன்னால். செலவெல்லாம் போக 15,000 மிஞ்சியது, அதில் 6,900 தனிக் கணக்கில்.

காலையில் சாமிப் படத்தையும் இவருடைய படத்தையும் கிழக்கு யன்னலுக்குப் பக்கத்தில் வைத்துப் பால் காய்ச்சினேன். மகளும் மருமகனும் கட்டிலைப் பூட்டினார்கள். தங்கச்சிக்கு வீடியோவில் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அக்கா, முற்றம் இல்லையோ?” என்று கேட்டாள். ஒரு சின்னப் பல்கனி இருக்கிறது. அதில் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைக்க விடுவார்களா என்று லீஸில் பார்க்க வேண்டும்.