ஒரு வழியாகக் கிணறு தூர்ந்தது

மூன்று வாரமாக என்னோடு மல்லுக்கு நின்ற சந்தன மெழுகுவர்த்தி நேற்று ராத்திரி வழிக்கு வந்தது. விளிம்பு வரைக்கும் ஒரே மட்டமாக உருகி, குளம் மாதிரி நின்றது. போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன், "இதுக்கா இவ்வளவு?" என்று பதில் வந்தது.

தப்பு என்னுடையதுதான். 8 செ.மீ. அகல ஜாடி, சோயா மெழுகு. முதல் தடவை ஏற்றியதே கரண்ட் போனபோது, நாற்பது நிமிடத்தில் கரண்ட் வந்ததும் அணைத்துவிட்டேன். ஜாடி அகலத்தில் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்குப்படி, மெழுகு விளிம்பு வரைக்கும் உருக மூன்று மணி நேரமாவது எரிய விட்டிருக்க வேண்டும். அடுத்த நாலைந்து தடவையும் இதே கதை. நடுவில் கிணறு, சுற்றிலும் விரல் கனத்துக்குச் சுவர், அடியில் மூச்சுத் திணறுகிற சுடர்.

முதலில் ஹேர் டிரையர் பிடித்தேன். டிவி ஸ்டாண்டு முழுக்க மெழுகு தெறித்ததுதான் மிச்சம்.

அப்புறம் அலுமினிய ஃபாயில். ஜாடி வாயைச் சுற்றி மடித்து நடுவில் ஓட்டை விடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு விட்டேன், காற்றுப் போதாமல் கண்ணாடி கறுத்ததோடு சரி. பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக விட்டேன், சுடர் நிமிர்ந்தது, ஆனால் சுவர் சரிந்து திரியை முக்கிவிட்டது. அணைத்து, டிஷ்யூவால் இரண்டு ஸ்பூன் அளவுக்கு ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க. ஃபேன் காற்று பட்டால் சுடர் சாய்ந்து ஒரு பக்கச் சுவர் மட்டும்தான் உருகும். ஃபாயிலைக் கையால் தொட்டுவிடாதீர்கள், சுடும், இடுக்கிதான்.

திரி விஷயத்தில் எனக்குக் குத்துவிளக்குப் பழக்கம், மங்கினால் தூண்டிவிடத்தான் கை போகும். இதில் நேர்மாறு. ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன்னால் 5, 6 மி.மீ. விட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும், இல்லையென்றால் நுனியில் காளான் மாதிரி கரி கட்டிப் புகையும். கத்தரிக்கோல் ஜாடிக்குள் இறங்கவில்லை, பழைய நகவெட்டிதான் கைகொடுத்தது. விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று அம்மா திட்டுவது இங்கேயும் சரிதான். குச்சியால் திரியை உருகின மெழுகில் முக்கி நிமிர்த்திவிட்டால் புகை நாற்றமே இல்லை.

ஆன்லைனில் வாங்கின மல்லிகை ஜாடி ஒன்றும் இருக்கிறது. மல்லிகையாம், துணி சோப்பு வாசனை. அதைப் பற்றித் தனியாகப் புலம்புகிறேன்.

இந்தச் சந்தனத்தில் இன்னும் பாதி பாக்கி. அரை அங்குலம் மிஞ்சும்போது நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டுவிடலாம். அந்த மிச்சத்தைக் கொட்டாங்குச்சியில் ஊற்றிப் பார்க்கலாம் என்று பாரிமுனைப் பக்கம் போனபோது அடித்தகடு வைத்த திரி வாங்கி வந்துவிட்டேன். மெழுகு தீரவே இன்னும் பத்து நாளாகும், ஆனால் இரண்டு கொட்டாங்குச்சி இப்போதே நாரெல்லாம் சுரண்டி மொட்டைமாடியில் காய்கிறது.