மணிக்கு மணி

மார்ச் 4
வலி எப்படி இருக்கு என்று டாக்டர் கேட்டால் "பரவால்ல சார்" என்கிறார் அம்மா. மகன் பக்கத்தில் நின்றால் வேறு பதிலே வராது. ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க, ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா, கக்கூஸ்ல உட்கார்ந்து எழ முடியுதா என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்று. இடுப்பிலிருந்து இடது காலுக்கு எரிச்சல் இறங்குகிறது. வலி மாத்திரை டிரமடால் நாளுக்கு 400 மில்லிகிராமைத் தொட்டாயிற்று. அதற்கு மேல் போனால் வலிப்பு வரலாம். இனி அதைவிட வலுவான மார்பின்தான்.

மார்ச் 5
"மார்பினா? அப்போ அவ்வளவுதானா?" என்றார் மகன். கடைசி நாளுக்கான மருந்து இல்லை, வலிக்கான மருந்து என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி: காலை 6, 10, மதியம் 2, மாலை 6. ராத்திரி 10 மணிக்கு மட்டும் முழுசாக, நடுராத்திரி எழுப்பாமல் இருக்க. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இடையில் வலி பிய்த்தால் இன்னொரு பாதி, நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். பேதி மாத்திரை முதல் ராத்திரியே. குமட்டலும் மயக்கமும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. இதைச் சொல்லாமல் அனுப்பினால் வயிறு உப்பியதும் "மருந்து ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார்கள்.

மார்ச் 6
தூங்கினாராம்.

மார்ச் 9
அட்டையை எண்ணினேன். மாத்திரை மிச்சம். மாலை வேளையை மகன் கொடுப்பதே இல்லை. "பழகிடும்னு சொல்றாங்க சிஸ்டர்."

உடம்பு பழகும், உண்மை. சட்டென்று நிறுத்தினால் வியர்க்கும், வயிற்றால் போகும். அதனால்தான் படிப்படியாகக் குறைப்போம். போதைக்கு ஏங்குவது வேறு. வேளை தப்பினால்தான் மனுஷி மாத்திரைக்குக் கெஞ்சுவார், அதைப் பார்த்து அடிமையாகிவிட்டார் என்பார்கள். 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பயம் மருந்துக்கடையோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற மையங்களில் மார்பின் வைத்துக்கொள்ள 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகும் போகவில்லை. மனம் கொதிக்கிறது.

மார்ச் 12
மார்பினை வேளைக்கு 10 மில்லிகிராமாக ஏற்றியாயிற்று. காலில் இறங்கும் எரிச்சலுக்கு, நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், ராத்திரி. மாலை வேளை போய்ச் சேர்கிறது.

மார்ச் 15
தூக்கத்தில் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 14. கூப்பிட்டால் கண் திறக்கிறார். சிறுநீர் குறைந்திருக்கிறது. கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்தினால் மார்பின் உடைந்து உண்டாகும் பொருள்கள் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். "டோஸை ஏத்தினதால வந்த விஷம்" என்று வீட்டில் பேச்சு. டாக்டர் தாளில் சிறுநீரகம் வரைந்து, எங்கே அடைக்கிறது என்று காட்டினார். மகன் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 16
சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 3.1, அதிகம். மார்பின் நிறுத்தம். பதிலுக்கு, தோலில் ஒட்டும் வலிமருந்து, ஃபென்டானில் பேட்ச், மணிக்கு 12 மைக்ரோகிராம், மேல் முதுகில், காலை 10 மணிக்கு. முழுசாக வேலை செய்ய அரை நாளுக்கு மேல் ஆகும். சிறுநீர் அடைப்பைப் பார்க்க யூராலஜிக்குக் கடிதம்.

மார்ச் 18
வெந்நீர்ப் பை! முதுகுக்கு ஒத்தடமாம், பேட்ச் மேலேயே. சூடு பட்டால் மருந்து மடமடவென்று உள்ளே இறங்கும், மூச்சு மட்டுப்படும். எடுக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். சீராக இருக்கிறது. காய்ச்சல் அடித்தாலும் இதே ஆபத்து, உடனே போன் பண்ணச் சொன்னேன்.

நாளை 72 மணி நேரம் முடிகிறது. புதியதை வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். எடுத்ததில் மருந்து மிச்சம் இருக்கும், வீட்டில் பேரன் தவழ்கிறான். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, உறையில் போட்டு, மையத்துக்கே கொண்டுவரச் சொல்ல வேண்டும்.